டெங்குவுக்குப் பிறகு கொட்டும் முடி: தண்ணீரைத் திட்டுவதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள்

கேள்வி கேட்டவர் மதுரைப் பெண். வயது 27. பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு பி.ஜி. விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார். ஜூலைக் கடைசியில் டெங்கு வந்து சில நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். உடம்பு தேறி, வேலைக்கும் திரும்பிவிட்டார். அக்டோபர் தொடங்கியதிலிருந்து சீப்பிலும் தலையணையிலும் குளியலறைச் சல்லடையிலும் கொத்துக் கொத்தாக முடி. விடுதித் தோழிகள் போர்வெல் தண்ணீரைக் காரணம் சொல்கிறார்கள். ஊரிலிருந்து அம்மா, "மொட்டை போட்டுக்கொள், அடர்த்தியாக வளரும்" என்கிறார். ஒரு கிளினிக்கில் ஊசி சிகிச்சைக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள். "எனக்கு வழுக்கை விழுந்துவிடுமா? என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

வழுக்கை விழாது. நீங்கள் எழுதியிருக்கும் தேதிகளே அதைச் சொல்கின்றன. பெங்களூரில் தோல் மருத்துவம் பார்க்கும் எவருக்கும் இந்த வரிசை பழக்கம்தான். மழைக்காலத்தில் டெங்கு நோயாளிகள் பொது மருத்துவரிடம் குவிவார்கள். தீபாவளியை ஒட்டி அவர்களில் பலர் எங்களிடம் வருவார்கள். கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்த 2024-ஆம் ஆண்டுக்கும் இது பொருந்தும், 2021 கோடையில் கோவிட் இரண்டாம் அலை அடித்து ஓய்ந்த பிறகு வந்த மாதங்களுக்கும் பொருந்தும். சிக்குன்குனியா, டைபாய்டு, கடுமையான ஃபுளூ என எந்தப் பெருங்காய்ச்சலும் இதைச் செய்யும். டைபாய்டு வைரஸ் நோய்கூட அல்ல. பார்க்க வேண்டியது கிருமியின் பெயரைவிட, உடம்பு எவ்வளவு வாடியது என்பதைத்தான்.

கணக்கு இப்படி. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளரும். பிறகு இரண்டு மூன்று வாரம் சுருங்கும். அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதம் வளராமல் சும்மா இருந்துவிட்டு உதிரும். எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு முடி ஓய்வில் இருக்கும், அதாவது சுமார் 10,000. அவை நூறு நாளில் உதிர்ந்தாக வேண்டும் என்றால் நாளுக்கு நூறு. ஒரு நாளைக்கு நூறு முடி கொட்டுவது இயல்பு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த எண் இங்கிருந்துதான் வருகிறது. கடுமையான காய்ச்சலில், கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கும் வேதிப்பொருட்கள் முடியின் வேர்ப்பையையும் தொடுகின்றன. இன்னும் பல மாதம் வளர வேண்டிய முடிகள் பாதியிலேயே ஓய்வுக்குப் போகின்றன. பந்த் அறிவித்தால் வெவ்வேறு நேரத்தில் ஓட வேண்டிய பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் டிப்போவுக்குள் நின்றுவிட்டு, மறுநாள் ஒன்றாகக் கிளம்பி மெஜஸ்டிக் பஸ் நிலையத்தை அடைத்துக்கொள்ளுமே, அதே கதை. ஓய்வில் இருக்கும் பங்கு பத்திலிருந்து முப்பது சதவீதமாக உயர்ந்தால் நாளுக்கு நூறு கொட்டிய இடத்தில் முன்னூறு கொட்டும். நீளமான கூந்தலில் முன்னூறு முடியைச் சுருட்டினால் கைப்பிடி உருண்டை வரும். வெள்ளை டைல்ஸ் தரையில் அது இன்னும் பயங்கரமாகத் தெரியும்.

மருத்துவச் சீட்டில் இதை 'டீலோஜன் எஃப்ளூவியம்' என்று எழுதுவார்கள். ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1961-இல் வைத்த பெயர். ஜூலைக் கடைசியில் காய்ச்சல், அக்டோபர் தொடக்கத்தில் உதிர்வு: இரண்டு மாதத்துக்கு மேல், மூன்றுக்குள். பாடப்புத்தகத்தில் எடுத்துக்காட்டாகப் போடலாம். கோவிட்டுக்குப் பிறகு சிலருக்கு இன்னும் முன்னதாக, இரண்டு மாதத்துக்குள்ளேயே தொடங்கியதைப் பார்த்திருக்கிறோம்.

நம் வீடுகளில் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும். குழந்தையின் சிரிப்புக்கும் தாயின் முடிக்கும் தொடர்பு இல்லை. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் மாத வாக்கில்தான் இரண்டும் நடக்கின்றன. காரணத்தைத் தவறாகப் பிடித்தாலும் காலத்தை மிகச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி உணவுமுறை எல்லாவற்றுக்கும் இதே இடைவெளிதான்.

உங்கள் விரல் நகங்களைப் பாருங்கள். எல்லோருக்கும் இருக்காது, ஆனால் கடுமையான காய்ச்சலில் விழுந்தவர்கள் சிலருக்கு நகத்தின் குறுக்கே ஒரு பள்ளக் கோடு தெரியும். 1846-இல் போ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்ததால் போ கோடுகள் என்று பெயர். காய்ச்சல் நாட்களில் நகம் வளர்வது தடைபட்டதன் தடயம் அது. கைநகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வளரும் என்பதால், கோடு எவ்வளவு தள்ளி வந்திருக்கிறது என்பதை வைத்தே நோய் வந்த மாதத்தைச் சொல்லிவிடலாம். முடிக்கும் நகத்துக்கும் ஒரே நாளில் அடி விழுந்திருக்கிறது. நகம் அதைத் தன் மேலேயே எழுதி வைத்துக்கொண்டது. முடி மூன்று மாதம் கழித்துச் சொல்கிறது.

"வேரோடு வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். முடியின் அடியில் தெரியும் சின்ன வெள்ளைக் குமிழ் வேர் அல்ல. ஓய்வுக்குப் போன முடியின் அடிப்பகுதி இறுகி அப்படித் திரள்கிறது. வேர்ப்பை தலைத்தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பெரும்பாலும் அதில் புது முடி முளைக்கத் தொடங்கிய பிறகுதான் பழையது கழன்று விழுகிறது. ஆகவே அந்தக் குமிழைக் கண்டால் பயப்பட வேண்டியதில்லை. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக வந்தால்தான் முடி நடுவில் முறிகிறது என்று பொருள், அது வேறு பிரச்சினை.

தண்ணீர் பேச்சுக்கு இங்கேதான் வர வேண்டும். பெங்களூருக்கு வந்த ஒவ்வொருவருக்கும் முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுக்கப்படும் பாடம், இந்த ஊர்த் தண்ணீரில் முடி கொட்டும் என்பது. வைட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி, சர்ஜாபூர் பக்கம் போர்வெல்லும் டேங்கரும் நிறையப் புழங்குகின்றன. அந்தத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம் என்பது உண்மை. ஷாம்பு நுரைக்காது, முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும். ஆனால் இதெல்லாம் தோலுக்கு வெளியே இருக்கும் முடித்தண்டுக்கு நடப்பது. வேர்ப்பையை ஓய்வுக்கு அனுப்பும் வேலையைக் கடினநீர் செய்யாது. கோயம்புத்தூர் மருத்துவர்கள் அந்த ஊர்க் கடினநீரில் முடியை ஊறவைத்துச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முடியின் வலிமையிலோ நெகிழ்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வேறு சில ஆய்வுகளில் வலிமை சற்றுக் குறைந்ததாகவும் வந்திருக்கிறது. இரண்டுமே முறிவதைப் பற்றியவை, உதிர்வதைப் பற்றியவை அல்ல. காவிரி நீர் குழாயில் வரும் ஜெயநகரிலிருந்தும் அல்சூரிலிருந்தும் இதே புகாரோடுதான் வருகிறார்கள். நீங்கள் இந்தத் தண்ணீரில் ஜூலைக்கு முன்பும் குளித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? குளியலறைக் குழாயில் மாட்டும் வடிகட்டி வாங்கினால் முடி கொஞ்சம் மிருதுவாக இருக்கலாம். அதற்காக மட்டும் வாங்குங்கள்.

தலைக்குக் குளிக்க அஞ்சி நாட்களைத் தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே கழன்ற முடிதான் குளிக்கும்போது வெளியே வருகிறது. ஐந்து நாள் தள்ளிப்போட்டால் ஐந்து நாள் முடியும் சேர்ந்து வரும், அதைப் பார்த்து இன்னும் பயந்து பத்து நாள் தள்ளுவீர்கள். எண்ணெய் தேய்க்கும்போது கையோடு வருவதும் அப்படித்தான். தேங்காய் எண்ணெய் முடித்தண்டிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது, அந்த அளவுக்கு நல்லது. அது முடியை முளைக்க வைக்காது. அழுத்தித் தேய்ப்பதும், ஈர முடியைச் சிக்கெடுப்பதும், இறுக்கிப் பின்னுவதும் வேண்டாம்.

மொட்டை விஷயத்தில் அம்மாவிடம் பதமாகத்தான் பேச வேண்டும். நேர்த்திக்கடன் என்றால் அது உங்கள் குடும்ப விஷயம், நான் தலையிட மாட்டேன். மருத்துவக் காரணம் என்றால், சவரக்கத்தி தோலுக்கு மேலே வெட்டுகிறது, முடியின் பருமனைத் தீர்மானிக்கும் வேர்ப்பை தோலுக்கு உள்ளே இருக்கிறது. மழித்த பிறகு வளரும் முடியின் நுனி வெட்டுப்பட்டு மொத்தையாக இருப்பதால் தடித்ததுபோல் கைக்குப் படுகிறது. கூடவே, அதுவரை கொட்டிக்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, சில மாதத்தில் தானாகவும் நின்றுவிடுகிறது. நல்ல பெயர் மொட்டைக்குப் போகிறது.

அந்தக் கிளினிக் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகப் பேச வேண்டும். இவ்வகை உதிர்வு தொடங்கி மூன்று முதல் ஆறு மாதத்தில் தானே அடங்கும். மக்கள் எப்போது உதவி தேடி வருகிறார்கள்? கொட்டத் தொடங்கிய முதல் வாரத்தில் யாரும் வருவதில்லை. ஒரு மாதம் பார்ப்பார்கள், எண்ணெய் மாற்றுவார்கள், ஷாம்பு மாற்றுவார்கள், பிறகுதான் வருவார்கள். அதாவது உச்சம் தொட்டு இறங்கப்போகிற நேரத்தில். அந்தக் கட்டத்தில் எதைக் கொடுத்தாலும் அது பலித்ததாகத் தெரியும்: வெங்காயச் சாறு, செம்பருத்தித் தைலம், சத்து மிட்டாய், ஆயிரக்கணக்கில் பணம் கட்டிய ஊசி. இவற்றின் முன்பும் பின்பும் எடுத்த படங்கள் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நான்கு மாதம் சும்மா இருந்துவிட்டு எடுத்தாலும் அதே படம் கிடைக்கும். ஒரு சிகிச்சை வேலை செய்ததா என்று கேட்பதற்கு முன், அது தொடங்கியபோது நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று கேளுங்கள்.

உங்களிடம் சொல்லியிருக்கும் ஊசி, உங்கள் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் (பிளேட்லெட்) செறிந்த பகுதியைத் தலைத்தோலில் செலுத்துவது. பரம்பரை வழுக்கையின் தொடக்க நிலையில் சிலருக்கு ஓரளவு பலன் தருகிறது. காய்ச்சலுக்குப் பின் வரும் உதிர்வுக்கு அது தேவையில்லை. ஜூலையில் தட்டணு எண்ணிக்கையை நாளுக்கு இருமுறை எண்ணிக்கொண்டிருந்த பெண்ணிடம் அக்டோபரில் தட்டணுவையே விற்கப் பார்க்கிறார்கள். சிரிப்பதா, கோபப்படுவதா தெரியவில்லை. முடி வளர்வதற்கான மினாக்சிடில் மருந்தையும் நீங்களாகக் கடையில் வாங்கித் தொடங்காதீர்கள். அதுவும் முதல் சில வாரங்களில் ஓய்வு முடிகளைத் தள்ளி உதிர்வைக் கூட்டும். இந்த நேரத்தில் அந்தக் கூடுதல் பயம் வேண்டாம். அடியில் பரம்பரை மெலிவும் இருந்தால் மருத்துவரே அதைத் தருவார்.

பரிசோதனைகள் சில உண்டு. முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., தேவைப்பட்டால் வைட்டமின் டி, பி12. இங்கே இரண்டு பொறிகள். ஃபெரிட்டின் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும், ஆனால் காய்ச்சலில், குறிப்பாக டெங்குவில், இரும்பு இல்லாதவருக்கும் அது எகிறும். மருத்துவமனையில் இருந்தபோது எடுத்த எண்ணைப் பார்த்து "இரும்பு நிறைய இருக்கிறது" என்று நினைத்துவிடாதீர்கள், இப்போது புதிதாக எடுங்கள். மாதவிடாய் அதிகம் போகும் பெண்ணுக்குக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று பயோட்டின் என்ற பி வகை வைட்டமின். முடிக்கென்று விற்கும் மாத்திரைகள் பலவற்றில் 10 மில்லிகிராம் பயோட்டின் இருக்கிறது. நாளொன்றுக்கு உடம்புக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம் அளவுதான். இந்த மிகை, பல ஆய்வகங்களில் தைராய்டு பரிசோதனை முடிவைத் திரித்துவிடும். இல்லாத தைராய்டு மிகைச் சுரப்பு இருப்பதாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே எச்சரித்த விஷயம். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பாவது நிறுத்திவிட்டு, ஆய்வகத்திலும் சொல்லுங்கள். வைட்டமின் ஏ, செலினியம் மிகையானால் அவையே முடியைக் கொட்டச் செய்யும் என்பதும் மாத்திரை டப்பாவில் அச்சிடாத செய்தி.

தைராய்டைக் கேட்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. வைரஸ் காய்ச்சல் போன சில வாரங்களில் சிலருக்குத் தைராய்டு சுரப்பி வீங்கும். கழுத்தின் முன்பக்கம் வலி, படபடப்பு, பிறகு ஒரு கட்டத்தில் சோர்வு. அப்படி ஏதாவது இருந்தால் முடி ஆறு மாதம் தாண்டியும் கொட்டும். முடியைக் கவனித்துக்கொண்டிருப்பவர் கழுத்தை மறந்துவிடுவார்.

சாப்பாடு. டெங்கு நாட்களில் கஞ்சி, இளநீர், பப்பாளி இலைச் சாறு என்று ஓட்டிவிட்டு, அதன்பின் விடுதிச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருப்பீர்கள். காலையில் சித்ரான்னம், இரவில் தண்ணீரான பருப்போடு சப்பாத்தி. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 45 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், அந்தத் தட்டில் அது இல்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏழெட்டு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் பத்துக்கு மேல், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு. பசவனகுடியில் கடலேகாய்ப் பரிஷெ என்ற வேர்க்கடலைத் திருவிழா கூடும் மாதமும் வருகிறது, வேர்க்கடலை வாங்க நல்ல சாக்கு. முருங்கைக்கீரையோ பயறோ சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். டீ, காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள், இரண்டும் இரும்பைச் சேரவிடாது. எடையைக் குறைக்கும் உணவுமுறை எதையும் இப்போது தொடங்க வேண்டாம். அது அடுத்த மூன்று மாதத்துக்கான உதிர்வுக்கு விதை போடுவது.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் இருக்கின்றன. நாணயம்போல வட்டமாக வழுவழுப்பான திட்டு விழுந்தால் அது புழுவெட்டு, எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்டது, அதற்குத் தனி மருந்து உண்டு. தலையில் எரிச்சல், செதில், சீழ், தழும்பு இருந்தாலும், புருவம் சேர்ந்து உதிர்ந்தாலும் தாமதிக்காதீர்கள். மூட்டுவலி, கன்னத்தில் சிவப்புத் தடிப்பு, வாய்ப்புண் ஆகியவை முடியுதிர்வோடு சேர்ந்து வந்தால் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிக்குன்குனியா வந்தவர்கள் மூட்டுவலியை அதன் மிச்சம் என்று ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றாலும் வாருங்கள்.

அடிக்கடி நழுவிப்போவது இன்னொன்று. காய்ச்சல் உதிர்வு தலை முழுக்கச் சமமாக இருக்கும், நெற்றியோரத்தில் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். வகிடு மட்டும் முன்பக்கம் அகன்று, பின்பக்கம் அடர்த்தி அப்படியே இருந்தால், ஏற்கெனவே மெதுவாக நடந்துகொண்டிருந்த பரம்பரை மெலிவைக் காய்ச்சல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். அம்மா, அத்தை, பாட்டி வகிடுகளை நினைத்துப் பாருங்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும்: காய்ச்சல் உதிர்வில் மிச்சமிருக்கும் முடிகள் ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்கும், பரம்பரையில் தடித்ததும் மெலிந்ததும் கலந்திருக்கும். இதற்குப் பெரிய கிளினிக் தேவையில்லை. சிவாஜிநகர் பௌரிங், விக்டோரியா போன்ற அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவிலேயே பார்ப்பார்கள். வரிசையில் நிற்கும் பொறுமைதான் வேண்டும்.

கடைசியாக, தை மாதம் அக்காவின் திருமணம், அதற்குள் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். கொட்டுவது அதற்குள் பெரும்பாலும் குறைந்திருக்கும். வகிட்டிலும் நெற்றியோரத்திலும் குட்டை முடிகள் குத்திட்டு நிற்கும், எண்ணெய் போட்டாலும் படியாது. அவை முறிந்தவை அல்ல, புதியவை. ஆனால் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தலைத்தோல் தேறிய பிறகும் ஜடையின் அடிப்பகுதி ஒரு வருடத்துக்கு மேல் ஒல்லியாகவே இருக்கும், இடுப்பு வரை கூந்தல் என்றால் இன்னும் அதிகம். ஜடையைப் பிடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள், வகிட்டைப் பாருங்கள். திருமணத்துக்குச் சவுரி வைத்துக்கொள்ளுங்கள். கனமில்லாததாக, இழுத்துக் கட்டாமல், இரவில் கழற்றிவிட்டு. முடியை நேராக்கும் ரசாயன சிகிச்சையை மட்டும் அழகு நிலையத்தில் எவ்வளவு சொன்னாலும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுங்கள்.